கென்யாவா தான்சானியாவா: சம்பளத்தை விடுங்க, அந்த ஊர் சனங்க எப்படி வாழ்றாங்கன்னு பேசுவோமா?

சவன்னா_செல்வன்:
மாசத்துக்கு ரெண்டு பேராவது எனக்குத் தனிச்செய்தி அனுப்பி கேட்கிற கேள்வி இது, "அண்ணே நைரோபி ஆஃபரும் இருக்கு, டார் எஸ் சலாம் ஆஃபரும் இருக்கு, எது நல்ல நாடு?"ன்னு. நான் 2016ல இருந்து 2021 வரைக்கும் நைரோபி இண்டஸ்ட்ரியல் ஏரியாவுல ஒரு பிளாஸ்டிக் கம்பெனில மெயின்டனன்ஸ் பாத்தேன், 2022ல இருந்து டார் எஸ் சலாம்ல சாங்கொம்பே பக்கம் இருக்கேன். ரெண்டு ஊர்லயும் நமக்கு, அதாவது வெளிநாட்டுக்காரனுக்கு, கம்பெனி வீடு, கம்பெனி வண்டி, கேட்டுல வாட்ச்மேன், டேங்க்ல தண்ணி. இந்த வாழ்க்கையை வச்சு ஒரு நாட்டை அளக்க முடியாதுங்க. நம்ம பக்கத்துல நின்னு மெஷின் ஓட்டுறவன் சாயங்காலம் எங்க போய் படுக்கிறான், என்ன சாப்பிடுறான், அவன் பொண்ணு எந்தப் பள்ளிக்கூடம் போகுது, அதைப் பாக்கணும்.

நான் பாத்ததைச் சொல்றேன். நைரோபில என்கூட வேலை பாத்த ஹெல்பர் முக்குருங்கிற குடிசைப் பகுதில இருந்தாரு, தகரத்துல அடிச்ச பத்துக்குப் பத்து ரூம், நான் சேந்தப்பவே அவரு அங்க வந்து ஏழு வருசம், நான் கிளம்புறப்ப பன்னெண்டு வருசம். ஆரம்பத்துல ரெண்டாயிரம் ஷில்லிங் வாடகையாம், பிறகு நாலாயிரத்துக்கு வந்துருச்சு, கணக்குப் போட்டா நாலு லட்சத்துக்கு மேல கட்டிட்டாரு. அவ்வளவு கட்டியும் அந்தத் தகரத்துல ஒரு ஆணி அவருக்குச் சொந்தம் கிடையாது. வீட்டு ஓனரை அவரு பாத்ததே இல்ல, கேர்டேக்கர் மட்டும்தான் வருவான், அஞ்சாம் தேதிக்குள்ள காசு வரலன்னா கதவுக்கு இன்னொரு பூட்டுப் போட்டுட்டுப் போயிடுவான்.

இங்க டார்ல என்கிட்ட இருக்கிற ஹெல்பர் அவரைவிட கம்மியாத்தான் சம்பாதிக்கிறாரு. ஆனா சானிக்கா பக்கம் முப்பது லட்சம் தான்சானியா ஷில்லிங்குக்கு, கென்யா காசுல ஒன்றரை லட்சம் சொச்சம், ஒரு மனை வாங்கிப் போட்டிருக்காரு. மாசம் இருபது கல், முப்பது கல், போனஸ் வந்தா நாலு மூட்டை சிமெண்ட்டுன்னு ஆறு வருசமா கட்டிட்டு இருக்காரு. ரெண்டு ரூம் முடிஞ்சு குடும்பம் உள்ள போயாச்சு, மூணாவது ரூம் கூரை இல்லாம நிக்குது, அதுல தக்காளிச் செடி. நான் போயிருந்தப்ப தரையில பாய் விரிச்சு வாலி மஹரகே, நம்ம சோறும் பீன்ஸ் குழம்பும்னு வச்சுக்கோங்க, போட்டாங்க. அந்த மனுசன் சுவத்தைத் தட்டித் தட்டிக் காட்டுனாரு பாருங்க, எனக்குத் தொண்டை அடைச்சிருச்சு.

அதனால என் கட்சி இதுதான். காசுல கென்யா பெரிசு, ஆனா ஏழையா பொறந்தவன் நிம்மதியா தூங்குறது தான்சானியாவுல. மாத்துக்கருத்து இருந்தா சொல்லுங்க.

எண்கள்_பேசும்:
அண்ணே, எடுத்த எடுப்புல ஒரு பக்கம் சாஞ்சுட்டீங்க. நான் அங்க வாழ்ந்தவன் இல்ல, படிச்சவன், அதனால கணக்கை மட்டும் வைக்கிறேன். தலைக்கு வருமானம் கென்யாவுல வருசத்துக்கு 2,000 டாலர் அளவுக்கு வருது, தான்சானியாவுல 1,200 பக்கம். உலக வங்கி கென்யாவை 2014லயே கீழ்-நடுத்தர வருமான நாடுன்னு மேல ஏத்திருச்சு, தான்சானியா ஏறுனது 2020 ஜூலைல. ஐ.நா. மனித வளர்ச்சிக் குறியீட்டுல கென்யா 0.6ஐத் தாண்டிருச்சு, தான்சானியா 0.55 கிட்ட. கரண்ட் எடுத்துக்கிட்டா 2022 கணக்குல கென்யாவுல நாலு பேர்ல மூணு பேர் வீட்டுக்கு இருக்கு, தான்சானியாவுல பாதிப் பேருக்குக்கூட இல்ல.

ஆனா ஒரு விசயம் என்னையே யோசிக்க வச்சுச்சு. சராசரி ஆயுசு, ஐ.நா. கணக்குல, தான்சானியா 67 வயசு பக்கம், கென்யா 63-64. பணம் கம்மியான நாட்டுல ஆயுசு கூட. காரணம் ஒண்ணா இருக்காது, ஆனா தலைக்கு வருமானத்தை மட்டும் வச்சு முடிவு கட்டக்கூடாதுன்னு அதுவே சொல்லுது.

ரிஃப்ட்வேலி_டீச்சர்:
//ஏழையா பொறந்தவன் நிம்மதியா தூங்குறது தான்சானியாவுல//

செல்வன், உங்க பதிவைப் படிச்சு மனசு நெகிழ்ந்தது உண்மை, ஆனா இந்த வரியை என்னால அப்படியே விட முடியாது. நான் நைரோபில பதினோரு வருசமா டீச்சரா இருக்கேன். என் வகுப்புல உக்காந்து படிச்ச பிள்ளைங்கள்ல கிபேராங்கிற பெரிய குடிசைப் பகுதில இருந்து வந்ததுங்க உண்டு, காலைல அஞ்சு மணிக்கு எந்திரிச்சு இருபது லிட்டர் கேன்ல தண்ணி தூக்கி வச்சுட்டு பள்ளிக்கூடம் வரும். அதுங்க பேசுற இங்கிலீஷும் கேட்கிற கேள்வியும் கேட்டா நீங்க அசந்து போவீங்க. கென்யாவுல 2003லயே கிபாகி அரசு தொடக்கக் கல்வியை இலவசமாக்குச்சு. அரசாங்கக் கல்விக்கடன் வாரியம்னு ஒண்ணு இருக்கு, ஹெல்ப்னு சொல்வாங்க, அந்தக் கடனை வாங்கி யூனிவர்சிட்டி போன தகர வீட்டுப் பிள்ளைங்க எனக்கே தெரிஞ்சு ஆறு பேர்.

தான்சானியாவுல என்ன நடக்குது? தொடக்கப் பள்ளி முழுக்க ஸ்வாஹிலி, அது நல்லதுதான், தாய்மொழில படிக்கிறது மாதிரி. ஆனா செகண்டரி வந்தவுடனே எல்லாப் பாடமும் திடீர்னு இங்கிலீஷ். ஏழு வருசம் ஒரு மொழில படிச்ச பிள்ளை எட்டாவது வருசம் இயற்பியலை இன்னொரு மொழில படிக்கணும், வாத்தியாருக்கே அந்த மொழி தடுமாறும். காசு இருக்கிறவன் இங்கிலீஷ் மீடியம் தனியார் பள்ளிக்கு அனுப்பிடுறான், அங்க பாடம் எடுக்கப் போறவங்கள்ல நிறைய பேர் எங்க ஊர் கென்ய டீச்சர்ங்கதான், என் கூட வேலை பாத்த ரெண்டு பேரே அருஷா போயிட்டாங்க. கல்லும் சிமெண்ட்டும் மட்டும் வீடு இல்லீங்க, அந்த வீட்டுப் பிள்ளை எங்க போய் நிக்கப் போகுதுங்கிறதும் அதுல சேரும்.

சவன்னா_செல்வன்:
டீச்சர், படிப்பு விசயத்துல நீங்க சொல்றதை மறுக்கல. என் ஹெல்பரோட பையன் ஃபார்ம் டூல, அதாவது செகண்டரி ரெண்டாவது வருசத்துல, முட்டிக்கிட்டு நிக்கிறான், பயாலஜி புத்தகத்தை மனப்பாடம் பண்றான், அர்த்தம் தெரியல. 2016ல இருந்து ஃபார்ம் ஃபோர் வரைக்கும் அரசுப் பள்ளில ஃபீஸ் கிடையாது, உள்ள நுழையிறது சுலபமாச்சு, வகுப்புல கூட்டம் நெரிஞ்சிருச்சு.

கறிவேப்பிலை_உபாங்கா:
நான் இங்க டார்ல உபாங்காவுல ஒன்பது வருசம். சமையல்கட்டுல இருந்து ஒரு வார்த்தை சொல்லிக்கிறேன்.

சாப்பாட்டு விலைன்னா தான்சானியாதான், அதுல பேச்சே இல்ல. அரிசி இங்கயே விளையுது, ம்பேயா பக்கத்துக் கியேலா அரிசின்னு ஒண்ணு, அதைக் கொதிக்க வச்சா பக்கத்து வீட்டுக்கு வாசம் போகும். தேங்கா, பப்பாளி, அன்னாசி, மரவள்ளி, மீனு, எல்லாம் நம்ம கடற்கரை ஊரு மாதிரி. நைரோபி மார்க்கெட்டுல விக்கிற வெங்காயத்துல நிறைய தான்சானியா வெங்காயம், லாரி லாரியா நமங்கா பார்டர் தாண்டிப் போகுது. மழை பொய்ச்சா மக்காச்சோளமும் இங்க இருந்துதான் அவங்களுக்குப் போகணும். கென்யாவுல 2022ல உகாலி, அதாவது மக்காச்சோளக் களி, கிண்டுற மாவு ரெண்டு கிலோ பாக்கெட் 200 ஷில்லிங்கைத் தாண்டுச்சு, அந்த நாள்ல என் நாத்தனார் நைரோபில இருந்தா, அவ வீட்டு வேலைக்கு வர்ற அம்மா ஒரு வேளை உகாலியை நிறுத்திட்டு பிள்ளைங்களுக்கு மட்டும் கஞ்சி வச்சாங்கன்னு போன்ல அழுதா.

இங்க தெருவுக்குத் தெரு மாமா ந்திலியேன்னு சோறு விக்கிற அம்மாங்க இருப்பாங்க (ஸ்வாஹிலில மாமான்னா அம்மா), மரத்தடியில அடுப்பு வச்சு சோறு, பீன்ஸ், கீரை, சின்னத் துண்டு மீனு தட்டுல வச்சுக் கொடுப்பாங்க, ரெண்டாயிரம் ஷில்லிங் கொடுத்தா கூலிக்காரன் வயிறு நிறைஞ்சு எந்திரிப்பான். நைரோபில அதே காசுக்கு, அதாவது அவங்க கணக்குல நூறு ஷில்லிங்குக்கு, சப்பாத்தியும் பீன்ஸும் அளவா கிடைக்கும்.

ஆனா வெக்கை. ஜனவரி பிப்ரவரில மெட்ராஸ் மே மாசம் தோத்துப் போகும், ராத்திரி கரண்ட் போச்சுன்னா பிள்ளைங்களைத் தூங்க வைக்க விசிறி ஆட்டி ஆட்டி கை வலிக்கும். மலேரியாவும் உண்டு, என் பெரியவனுக்கு ரெண்டு தடவை வந்துச்சு. நைரோபி 1,700 மீட்டர் உயரத்துல இருக்கு, மலேரியா பயம் கம்மி, ஜூலைல ஸ்வெட்டர் போடணும். ஏழைக்கு அதுவும் ஒரு பெரிய விசயம், கொசு கடிச்சு ஒரு வாரம் படுத்தா ஒரு வாரக் கூலி போச்சு.

ஓசூர்_ஸ்பேர்ஸ்:
ரெண்டு நாட்டுலயும் டூவீலர் ஸ்பேர்ஸ் விக்கிறவன் நான், வருசத்துல பாதி நாள் ரோட்டுலதான். நம்ம ஓசூர்ல தயாராகிற டிவிஎஸ் வண்டி ரெண்டு நாட்டுலயும் போடாபோடாவா, அதாவது பைக் டாக்சியா, ஓடுது, ஆட்டோ ரிக்சாவுக்கு தான்சானியாவுல பேரே பஜாஜிதான், எந்தக் கம்பெனி வண்டியா இருந்தாலும் பஜாஜி. நமக்கு அதுல ஒரு சந்தோசம்.

போடாபோடா பசங்களைப் பாத்தா ரெண்டு நாட்டு வித்தியாசமும் கைல வச்ச மாதிரி தெரியும். டார்ல ஒரு பையன்கிட்ட வண்டி வாங்க காசு இல்லன்னா ம்கடபா போடுவான், ஒப்பந்தம்னு அர்த்தம். வண்டி வச்சிருக்கிற ஒரு மாமா, டீச்சரா இருக்கலாம், போலீஸ்காரரா இருக்கலாம், தினம் இவ்வளவு கட்டு, வருசம் சொச்சத்துல வண்டி உனக்குன்னு கொடுப்பாரு. ஒருத்தருக்கொருத்தர் முகம் தெரியும், காய்ச்சல்னா நாலு நாள் தவணை தள்ளிக் கேட்கலாம். நைரோபில லோன் கம்பெனி, ஆப்புல தவணை, எம்-பெசாங்கிற போன் பணத்துல கட்டணும், ரெண்டு நாள் தவறுனா ஜிபிஎஸ் வச்சு வண்டியைத் தூக்கிடுவான். ஆனா அங்க லோன் ஒரே நாள்ல கிடைக்கும், யாரோட தயவும் வேண்டாம், சொந்தக்காரன் வேண்டாம், போன் நம்பர் போதும். எது நல்லதுன்னு கேட்டா பையனைப் பொறுத்துது. சூட்டிகையானவன் நைரோபில சீக்கிரம் மேல வந்துருவான், கொஞ்சம் சறுக்குனவனுக்கு டார்ல தாங்கிப் பிடிக்க ஆள் இருக்கும்.

எம்-பெசான்னு சொன்னேன்ல, 2007 மார்ச்ல கென்யாவுலதான் ஆரம்பிச்சாங்க, நம்ம ஊர்ல யூபிஐ வர்றதுக்கு ஒன்பது வருசம் முன்னாடி. தக்காளி விக்கிற மாமா ம்போகா, காய்கறிக்கார அம்மா, வரைக்கும் போன்லதான் காசு. ஒரு நாட்டு ஏழைக்கு பேங்க் வாசலை மிதிக்காம காசு சேத்து வைக்க வழி கொடுத்துச்சே, அதுக்காகவே நான் கென்யாவுக்கு ஒரு மார்க் கூடப் போடுவேன்.

புதுப்பயணி:
நான்தான் அந்த ரெண்டு ஆஃபரும் வச்சிருக்கிற ஆளு. செல்வன் அண்ணனுக்கு மெசேஜ் அனுப்புனதும் நான்தான். எல்லாத்தையும் படிச்சிட்டு இருக்கேன். ஒரு சந்தேகம், தான்சானியாவுல நிலம் அவ்வளவு சுலபமா எப்படி கிடைக்குது? கென்யாவுல ஏன் கிடைக்கல?

சவன்னா_செல்வன்:
தம்பி, இந்தக் கேள்விக்குத்தான் நான் காத்துக்கிட்டு இருந்தேன்.

கென்யாவுல வெள்ளைக்காரன் வந்து குளிரான மேட்டு நிலத்தையெல்லாம் தனக்குன்னு எடுத்துக்கிட்டான், ஒயிட் ஹைலேண்ட்ஸ்னு பேரே வச்சான், அங்க இருந்த சனத்தை ரிசர்வுக்குள்ள தள்ளுனான். மாவ் மாவ் போராட்டமே நிலத்துக்காகத்தான். 1963ல சுதந்திரம் வந்துச்சு, ஆனா நிலத்துல பெரும்பகுதி காசு உள்ளவனுக்கும் ஆட்சில இருந்தவனுக்கும் கை மாறுச்சே தவிர இழந்தவனுக்கு முழுசாத் திரும்பல. கிபேராவை எடுத்துக்கோங்க, இங்கிலீஷ்காரன் படைல இருந்த நூபிய சிப்பாய்ங்களுக்கு ஒதுக்குன காடு அது, அவங்களுக்கே பட்டா கொடுக்காம நூறு வருசம் இழுத்தாங்க. இன்னைக்கு அங்க குடியிருக்கிறவன் ஒருத்தன், தகரம் அடிச்சு வாடகை வாங்குறவன் வேற ஒருத்தன், மண்ணு கவர்மெண்டோடது. வாடகை வாங்குறவனுக்கு அங்க கக்கூஸ் கட்டணும், தண்ணிக் குழாய் போடணும்னு என்ன அவசியம் இருக்கு? ஒண்ணும் இல்ல.

தான்சானியாவுல ஜூலியஸ் நியெரேரே, முவாலிமு, வாத்தியார்னுதான் இன்னைக்கும் சொல்றாங்க, நிலத்தை விக்கிற சரக்கா ஆக்கக்கூடாதுன்னு பிடிவாதமா நின்னாரு. இப்பவும் சட்டப்படி மண்ணு முழுக்கப் பொதுச்சொத்து, சனத்துக்காக ஜனாதிபதி கைல இருக்கு, உனக்கு அனுபவிக்கிற உரிமைதான், அதிகபட்சம் 99 வருசம். 1967 அருஷா பிரகடனத்துக்கு அப்புறம் அவர் பண்ணுன உஜமாங்கிற கூட்டுக் கிராமத் திட்டத்துலயும் தப்பு உண்டு, கிராமத்துச் சனத்தை லட்சக்கணக்குல கட்டாயப்படுத்தி இடம் மாத்துனாங்க, விவசாயம் படுத்துச்சு, கடைல சோப்பு கூட கிடைக்காத காலம்னு பெரியவங்க சொல்வாங்க. அந்தக் கஷ்டத்தை நான் மறைக்கல. ஆனா நிலம் பத்துப் பேர் கைல போய் மாட்டலங்க. அதனாலதான் டார் எஸ் சலாம் ஓரத்துல இன்னைக்கும் ஒரு ஹெல்பர் மனை வாங்க முடியுது. அது முறையான பட்டா மனையான்னு கேட்டா பெரும்பாலும் இல்ல, தெரு லீடர் முன்னாடி கையெழுத்துப் போட்ட ஒரு பேப்பர்தான். ஆனா அந்தப் பேப்பரை வச்சுக்கிட்டு அவன் கல்லு வாங்குறான், கக்கூஸ் கட்டுறான், மாமரம் வைக்கிறான், ஏன்னா அவன் வீடு அது.

எண்கள்_பேசும்:
அந்தப் பேப்பர் எத்தனை நாளைக்குன்னும் சேத்துச் சொல்லுங்க அண்ணே. 2017ல மொரொகோரோ ரோட்டை அகலப்படுத்துறோம்னு கிமாரா பக்கம் சுவத்துல சிவப்பு எக்ஸ் போட்டு வரிசையா இடிச்சாங்களே, அதுல பலபேர் வருசக்கணக்கா கட்டுன வீடு. எம்சிம்பாசி ஆத்துப் பள்ளத்துல கட்டுனவங்க மழைக்கு மழை முங்குறாங்க, ஜங்வானில தண்ணி ஏறுனா மெயின் ரோடே நின்னு போகுது.

ரிஃப்ட்வேலி_டீச்சர்:
இடிக்கிறதுல நாங்களும் குறைஞ்சவங்க இல்ல. 2024 ஏப்ரல் மே வெள்ளத்துக்கு அப்புறம் மதாரேலயும் முக்குருலயும் ஆத்தோரத்துல இருந்த வீடுகளை புல்டோசர் வச்சுத் தள்ளுனாங்க, வெள்ளத்துல தப்பிச்ச பாத்திரம் பண்டம் இடிபாட்டுக்குள்ள போச்சு.

ஆனா நான் இன்னொரு பெரிய விசயத்துக்கு வரணும். வாயைத் திறந்து பேசுற உரிமை வாழ்க்கைத் தரத்துல சேருமா சேராதா? 2024 ஜூன் 25 அன்னைக்கு நான் நைரோபில இருந்தேன். வரியைக் கூட்டுற ஃபைனான்ஸ் பில்லை எதிர்த்து இருபது வயசுப் பிள்ளைங்க, என்கிட்ட படிச்சதுங்களும் அதுல இருந்துச்சு, தலைவரும் இல்ல கட்சியும் இல்ல, போன்ல பேசி வச்சுக்கிட்டு பார்லிமெண்ட்டுக்குள்ளயே போனாங்க. சுட்டாங்க. அந்த மாசங்கள்ல அறுபது பேர் வரைக்கும் செத்தாங்கன்னு கென்யாவோட சொந்த மனித உரிமை ஆணையமே கணக்குச் சொல்லுச்சு, பிள்ளைங்களைக் கடத்திட்டுப் போனதும் நடந்துச்சு. மறுநாள் ஜனாதிபதி ரூட்டோ டிவியில வந்து பில்லுல கையெழுத்துப் போட மாட்டேன்னு சொன்னாரு. 2017ல சுப்ரீம் கோர்ட் ஜனாதிபதி தேர்தலையே செல்லாதுன்னு சொன்ன நாடு இது, ஆப்பிரிக்காவுல அதுதான் முதல் தடவை. தான்சானியாவுல ஜனாதிபதி தேர்தல் முடிவை எதிர்த்து கோர்ட்டுக்குப் போகவே அவங்க அரசியல் சாசனம் இடம் கொடுக்கல. அங்க நிம்மதியா தூங்குறாங்கன்னு சொல்றீங்களே, பேச முடியாததால வர்ற அமைதியையும் நிம்மதின்னு எண்ணிடாதீங்க செல்வன்.

கறிவேப்பிலை_உபாங்கா:
டீச்சர் சொன்னது என் நெஞ்சுல குத்துச்சு, ஏன்னா 2025 அக்டோபர் 29 நான் இங்கதான் இருந்தேன். தேர்தல் அன்னைக்கு. மத்தியானத்துக்கு மேல நெட் போச்சு, அஞ்சு நாள் கிட்ட இல்ல. சாயங்காலம் ஆறு மணில இருந்து ஊரடங்கு. வெளிய வெடிச் சத்தம், எந்தப் பக்கம்னு தெரியல. அம்மாவுக்கு ஊருக்கு உயிரோட இருக்கேன்னு ஒரு மெசேஜ் அனுப்ப முடியல. எதிர்க்கட்சித் தலைவர் துண்டு லிஸ்ஸு ஏப்ரல்ல இருந்தே தேசத்துரோக வழக்குல உள்ள, முடிவு வந்தப்ப கிட்டத்தட்ட 98 சதவீதம் ஓட்டு ஆளுற கட்சிக்குன்னு அறிவிச்சாங்க. எத்தனை பேர் செத்தாங்கங்கிறதுல ஒருத்தர் சொல்ற எண்ணிக்கை இன்னொருத்தரோடதோட ஒத்து வரல.

எங்க வீட்டுக்கு கீரை கொண்டு வர்ற அம்மா ஒரு வாரம் வரல. வந்தப்ப வழக்கம் போல நான் ஹபாரின்னு கேட்டேன், சுகமான்னு. ன்சூரின்னு சொல்லணும், நல்லா இருக்கேன்னு, என்ன நடந்தாலும் இந்த ஊர்ல முதல்ல அதைத்தான் சொல்வாங்க. அவங்க அதைச் சொல்லாம என் கையைப் பிடிச்சுக்கிட்டு நின்னாங்க. நானும் ஒண்ணும் கேட்கல.

சவன்னா_செல்வன்:
அக்கா, அந்த வாரம் நான் ஃபேக்டரிக்குள்ளயே மூணு ராத்திரி. இதை என் முதல் பதிவுலயே எழுதியிருக்கணும், எழுதாம விட்டது தப்பு. தான்சானியாவோட பெருமையே 120க்கு மேல இனக்குழு இருந்தும் ஸ்வாஹிலின்னு ஒரே மொழில ஒண்ணாப் போனதும், 2007 தேர்தலுக்கு அப்புறம் கென்யாவுல ஆயிரத்துக்கு மேல உயிர் போன மாதிரி இனச்சண்டை இங்க வராததும்தான். அதை நம்பி நானே ஒரு கதவைப் பாக்காம விட்டுட்டேன்.

ஓசூர்_ஸ்பேர்ஸ்:
பேச்சு கனமாயிருச்சு. நான் கொஞ்சம் ரோடு, ரயில், கரண்ட் சொல்றேன், தம்பிக்கு உபயோகப்படும்.

கென்யாவுல புது ரயில் 2017லயே வந்துருச்சு, நைரோபி-மொம்பாசா, டீசல், இப்ப சாதா வகுப்பு 1,500 ஷில்லிங். தான்சானியாவுல டார்-டொடோமா ரயில் 2024 ஜூலைல ஓட ஆரம்பிச்சுச்சு, மின்சார ரயில், 31,000 ஷில்லிங், கென்யா காசுல பாத்தா கிட்டத்தட்ட அதே விலை, தூரமும் கிட்டத்தட்ட ஒண்ணு, ஆனா வேகம் அதிகம், நாலு மணி நேரத்துக்குள்ள போயிடலாம். ஊருக்குள்ள டார்ல 2016ல இருந்து முவெண்டோகாசின்னு தனிப்பாதை பஸ்ஸு, கூட்டம் தாங்காது, ஆனா ஏழைக்கு நேரம் மிச்சம். நைரோபில பணக்காரனுக்கு எக்ஸ்பிரஸ்வே, 27 கிலோமீட்டர், காசு கட்டுனா மேல பறக்கலாம். ஏழை கீழ மட்டாட்டூங்கிற மினி பஸ்ஸுல, மழை பெய்ஞ்சா டிக்கெட் ரெண்டு மடங்கு, அதுவும் இல்லாதவன் இண்டஸ்ட்ரியல் ஏரியாவுக்கு ஒன்றரை மணி நேரம் நடக்கிறான், விடியக்காலைல ஜோகூ ரோட்டுல பாத்தீங்கன்னா ஆயிரக்கணக்குல வரிசையா நடந்து போவாங்க, அந்தக் காட்சியை நான் மறக்கவே மாட்டேன்.

கரண்ட்ல கென்யா சுத்தம், ஓல்காரியால பூமிக்குள்ள இருந்து வர்ற ஆவியில எடுக்கிறாங்க, நாட்டுக்கு வேண்டியதுல பாதிக்குக் கிட்ட அதுல இருந்தே வருது. ஆனா யூனிட் விலை கடிக்கும். தான்சானியாவுல மாசம் 75 யூனிட்டுக்குள்ள எரிக்கிற வீட்டுக்கு யூனிட் 100 ஷில்லிங், நம்ம காசுல மூணு ரூபா சொச்சம். ருஃபிஜி ஆத்துல 2,115 மெகாவாட் அணை கட்டி 2024ல ஓட விட்ட பிறகு கரண்ட் கட்டும் குறைஞ்சுருக்கு. கம்பி போய்ச் சேராத கிராமம்தான் இன்னும் பாக்கி.

ரிஃப்ட்வேலி_டீச்சர்:
செல்வன், ஒண்ணு கேட்கணும்னு நினைச்சேன். அந்த முக்குரு நண்பர்கிட்ட நீங்க இதைக் கேட்டிருக்கீங்களா? அவரு டார்ல இருக்க ஆசைப்படுவாரா? நாமளே ஆறு பேர் உக்காந்து அவரு வாழ்க்கைக்கு மார்க் போட்டுட்டு இருக்கோம்.

சவன்னா_செல்வன்:
நியாயமான கேள்வி டீச்சர். கேட்டது இல்ல. இந்த ஞாயித்துக்கிழமை கூப்பிடுறேன்.

புதுப்பயணி:
அண்ணே அதுக்குள்ள ஒரு சின்னக் கேள்வி. டார்ல ஆறு மாச வாடகை மொத்தமா முன்னாடியே கேட்கிறாங்கன்னு ஒருத்தர் சொன்னாரு, உண்மையா?

கறிவேப்பிலை_உபாங்கா:
உண்மைதான் தம்பி, ஆறு மாசம், சில பேர் ஒரு வருசமே கேட்பாங்க. நடுவுல தலாலிக்கு ஒரு மாச வாடகை. தலாலின்னா தரகர், நம்ம ஊர்ல சொல்ற அதே பேருதான் இங்கயும். ரூம் எடுத்துத் தங்குற ஏழைப் பையனுக்கு இதுதான் பெரிய பாரம், ஆறு மாசக் காசு ஒரே தடவைல எங்க போவான்? அக்கம்பக்கத்துல சீட்டு மாதிரி குழுவா சேத்து முறை வச்சு எடுத்துக்குறாங்க. அந்த விசயத்துல மாசாமாசம் கட்டுற நைரோபி பரவாயில்ல.

சவன்னா_செல்வன்:
கூப்பிட்டேன். நாப்பது நிமிசம் பேசுனோம். எழுதாம இருக்க முடியல.

முதல்ல அவரு நிலவரம். முக்குருலயேதான் இருக்காரு, இப்ப வாடகை ஐயாயிரம். சம்பளத்துல ஹவுசிங் லெவின்னு 1.5 சதவீதம், புது மருத்துவக் காப்பீட்டுக்கு 2.75 சதவீதம் பிடிக்கிறாங்க, போன வருசம் அவரு மனைவிக்கு ஆபரேசன் ஆனப்ப அந்தக் காப்பீடு சிஸ்டம்ல பேரு வரலன்னு சொல்லி ஆஸ்பத்திரில கைக்காசு கட்டச் சொல்லிட்டாங்க, சொந்தக்காரங்க எல்லாம் எம்-பெசால ஹராம்பே, அதாவது ஆளாளுக்குக் காசு சேத்து, போட்டு அனுப்பி சமாளிச்சிருக்காங்க. பெரிய பொண்ணு நர்சிங் ரெண்டாவது வருசம், ஹெல்ப் கடன்ல. டீச்சர், இது உங்களுக்கு.

நான் டார் ஹெல்பரோட கதையைச் சொன்னேன். மனை, கல்லு, தக்காளிச் செடி எல்லாம். பொறுமையா கேட்டுட்டு, "நீ என்னை அஞ்சு வருசம் பாத்த, ஆனா என் வீட்டைப் பாக்கலயே"ன்னு சொன்னாரு. எனக்குப் புரியல. அப்புறம்தான் விளக்குனாரு. நைரோபில இருக்கிறதை அவங்க வீடுன்னு எண்ணுறதே இல்லையாம், அது தங்குற இடம். வீடுன்னா ஊர்ல இருக்கிறது, ஷாக்ஸ்னு சொல்வாங்க. மாச்சாக்கோஸ் பக்கம் அப்பா விட்டுட்டுப் போன ஒண்ணே கால் ஏக்கர்ல நாலு ரூம், தகரக் கூரை, மழைத்தண்ணி பிடிக்க ஒரு டேங்க், பத்து வருசமா கட்டிட்டு இருக்காரு. முக்குருல தகரத்துக்குள்ள கிடக்கிறதே அங்க கல்லு வாங்கத்தானாம். போட்டோ அனுப்புனாரு, ஊதா பெயிண்ட் அடிச்ச கதவு, வாசல்ல அவங்க அம்மா உக்காந்திருக்காங்க.

அஞ்சு வருசம் ஒரே மெஷின்ல நின்னுருக்கோம், ஒரு தடவை கூட நான் கேட்கல. என் முதல் பதிவுல ஒரு ஆணி கூட சொந்தம் இல்லன்னு எழுதுனேனே, அது தப்பு, திருத்திக்கிறேன்.

ஆனா ஒண்ணு, தான்சானியாவுக்கு வருவீங்களான்னு கேட்டதுக்கு அவரு சொன்ன பதில் வேற. "வாரத்துக்கு ஒரு நாளாவது என் பிள்ளைங்க கூட அங்க தூங்க முடியும்னா வருவேன்"னாரு. ஊர் வீட்டுக்கு அவரு போறது டிசம்பர்ல மட்டும். அந்த டார் ஹெல்பர் தினம் ராத்திரி தான் கட்டுன சுவத்துக்குள்ள போய்ப் படுக்கிறாரு.

ரிஃப்ட்வேலி_டீச்சர்:
அந்த நர்சிங் படிக்கிற பொண்ணு எந்தக் காலேஜ்னு தனிச்செய்தில சொல்லுங்க செல்வன். புத்தகம் ஏதும் வேணும்னா நான் இங்க பக்கத்துலதான் இருக்கேன்.

புதுப்பயணி:
நான் டார் ஆஃபரை எடுத்துக்கிறேன்னு இன்னைக்குக் காலைல மெயில் போட்டுட்டேன். கம்பெனிதான் வேலைக்கான கிளாஸ் பி பெர்மிட் எடுத்துத் தர்றாங்க. ஸ்வாஹிலி கத்துக்க ஆரம்பிச்சிருக்கேன், முதல் பாடமே வயசுல பெரியவங்களைப் பாத்தா ஷிகமோன்னு சொல்லணும், அவங்க மரஹபான்னு பதில் சொல்வாங்கன்னு இருக்கு. செல்வன் அண்ணே, போய் இறங்குனதும் சானிக்கா அந்த வீட்டுக்கு என்னையும் கூட்டிட்டுப் போறீங்களா?

சவன்னா_செல்வன்:
வா தம்பி. மூணாவது ரூமுக்குக் கூரைத் தகரம் வாங்கியாச்சாம், அடுத்த மாசம் ஃபுண்டி, நம்ம கொத்தனார் மாதிரி, வர்றாரு. ஆள் தேவைப்படும்.